தேர்வு காட்டும், கற்பித்தலே தீர்க்கும்

5, 8ஆம் வகுப்புகளில் மறுதேர்விலும் தவறும் மாணவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம் என்று 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. 8ஆம் வகுப்பு வரை 'ஆல் பாஸ்' தொடரும் என்றது தமிழக அரசு.

நிறுத்தினால் மட்டும் பிள்ளைக்கு வாசிக்க வந்துவிடுமா? தேர்வு குறையைக் காட்டும், தீர்ப்பது கற்பித்தல். 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிப்பது இதற்காகத்தான்.

ஆனால், பிள்ளை வகுப்பில் இருந்தால்தானே கற்பிக்க முடியும்? கல்யாணம், விருந்து என்று நாம் எடுக்க வைக்கும் லீவில் ஒரு பாடம் விட்டுப்போனால், அடுத்த பாடமும் புரியாமல் போகிறது.

மதிப்பெண்ணைக் கேட்குமுன், எத்தனை நாள் வந்தது, எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்போம்.