3 வர்ற வரைக்கும் காத்திருந்தா...

"சாகசம்னு கிளம்பினா சாக வேண்டியதுதான். தெரிஞ்சுதானே போனாங்க?" ஃபகாரி தீவைப் பத்திப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் இப்படி எடுத்து விடுறாங்க. படிக்கிறப்பல்லாம் பத்திக்கிட்டு வருது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமா இருக்கும், பொறுத்துக்குங்க மக்கா.

ஃபகாரி, நியூசிலாந்துக் கரையில இருந்து 48 கி.மீ. தள்ளி கடலுக்குள்ள இருக்கிற எரிமலை. ஒயிட் ஐலண்டுன்னும் பேரு. 2019 டிசம்பர் 9, மதியம் 2.11க்கு அது வெடிச்சப்ப தீவுல 47 பேர் இருந்தாங்க. 22 பேர் செத்துட்டாங்க, மிச்ச 25 பேருக்கும் காயம். ரெண்டு பேரோட உடல் கிடைக்கவே இல்ல. பெரும்பாலானவங்க சொகுசுக் கப்பல்ல வந்து, ஒருநாள் டூருக்குக் காசு கட்டினவங்க.

சரி, தெரிஞ்சுதான் போனாங்களா?

அந்த நாட்டுல எரிமலைகளுக்கு 0-ல இருந்து 5 வரைக்கும் ஒரு எச்சரிக்கை அளவு உண்டு. நவம்பர் 18-ம் தேதியே ஃபகாரிக்கு அதை 1-ல இருந்து 2-க்கு ஏத்திட்டாங்க. மூணே வாரம்தான், வெடிச்சிருச்சு. பிழைச்சு வந்தவங்கள்ல சிலர், இதை எங்களுக்கு யாருமே சொல்லலைன்னு பிற்பாடு சொன்னாங்க.

"2 தானே, 5 இல்லையே"ன்னு கேக்குறவங்களுக்கு: 3-ன்னா வெடிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம் சாமி! வெடிக்காத எரிமலைக்கு 2-க்கு மேல அளவே கிடையாது. 3 வந்தா டூரை நிறுத்திக்கலாம்னு நினைக்கிறது, வீடு எரிஞ்சப்புறம் கேஸை மூடுற கதை.

இந்த மாதிரி வெடிப்புக்கு நெருப்புக் குழம்பு மேல வரணும்னுகூட இல்ல. பாறைக்கு அடியில கொதிநிலையைத் தாண்டிச் சூடேறின தண்ணி, அழுத்தத்துல அடங்கிக் கிடக்கும். மூடி விட்டுப்போச்சுன்னா அத்தனையும் ஒரே நொடியில நீராவி. கருவியெல்லாம் வச்சிருந்தும், "இன்னும் பத்து நிமிஷத்துல"ன்னு யாராலும் சொல்ல முடியாது. 2.10க்கு அங்க இருந்த கேமரா எடுத்த படத்துல, எரிமலை வாய்க்குள்ள ஒரு கும்பல் நடந்துக்கிட்டு இருக்கு. ஒரு நிமிஷம் முன்னாடி!

2016 ஏப்ரல்லயும் வெடிச்சது. ராத்திரி நேரம், தீவுல ஆள் இல்ல. அதை எச்சரிக்கையா எடுத்திருக்கணும். பொட்டி தட்டுற நமக்கு இந்த வியாதி நல்லாத் தெரியும். எச்சரிக்கை மெயில் வந்துக்கிட்டே இருக்கும், "சர்வர் ஓடுதுல்ல, விடு"ம்பாங்க. நேத்து ஓடினது இன்னிக்கு ஓடும்ங்கிறதுக்கு அத்தாட்சியா? நமக்காவது பேக்கப் இருக்கு.

எவரெஸ்ட் ஏறுறவங்களும்தானே சாகுறாங்கன்னு கேக்கலாம். அவங்க எங்க ஏறுறோம்னு தெரிஞ்சு, பல மாசம் பயிற்சி எடுத்துட்டு ஏறுறாங்க. கப்பல்ல ஒரு நாளைக் கழிக்க டிக்கெட் வாங்கின குடும்பமும் அவங்களும் ஒண்ணா? ஆபத்தைத் தெரிஞ்சு ஏத்துக்கிறது துணிச்சல். தெரியாதவங்க தலையில அதைக் கட்டிக் காசு பாக்குறது வியாபாரம்.

தீவின் சொந்தக்காரங்க கம்பெனி மேல 2023-ல வந்த தீர்ப்பை 2025-ல உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிருச்சு. அனுமதி கொடுத்தாங்களே தவிர, டூரை நடத்துறது அவங்க கையில இல்லையாம். சட்டப்படி அது சரியாவே இருக்கட்டும். செத்தவங்கதான் பொறுப்புன்னு அதுக்கு அர்த்தம் இல்ல.

நம்ம அந்தமான்லயும் பாரன் தீவுன்னு ஒரு எரிமலை இருக்கு. கப்பல்ல இருந்தே பாத்துட்டுத் திரும்பணும், இறங்க விடமாட்டாங்க. அழகு எங்கயும் குறைஞ்சு போயிடல.

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசலாம். "தெரிஞ்சுதானே போனாங்க"ன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.