நூறு சதவீதமும் ஒன்பதாம் வகுப்பு டி.சி.யும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில், மே மாதக் கடைசியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவருக்குப் பொழுது போவது தெரியாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வந்திருக்கும். வழியெல்லாம் பிளக்ஸ் பேனர்கள். பிள்ளைகளின் படம், மதிப்பெண், கீழே கொட்டை எழுத்தில் ‘100% தேர்ச்சி’. பெயர்ப்பலகையில் புனிதர் ஒருவரைத் தாங்கிய பள்ளிகளும் இந்தப் போட்டியில் சளைத்தவை அல்ல.

பேனரில் இடம்பெறாத கணக்கு ஒன்று உண்டு. முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பத்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? “தம்பிக்கு இந்த ஸ்கூல் ஒத்து வரலைங்கம்மா, வேற இடம் பாத்துக்குங்க” என்று தலைமையாசிரியர் அறையில் பக்குவமாகச் சொல்லி டி.சி.யைக் கையில் கொடுப்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் ஒப்புக்கொள்ளாத வழக்கம்.

பட்டதாரி ஆசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் கிறிஸ்தவப் பார்வையில் பயிற்சி தர வேண்டும் என்று பேசுகிறவர்கள் அந்த அறையிலிருந்து பேச்சைத் தொடங்குவது நல்லது. ஜெபத்தோடு தொடங்கும் காலைக் கூட்டம், வாரம் ஒரு நீதிபோதனை வகுப்பு, டிசம்பரில் குடில் எல்லாம் இருக்கட்டும். தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டுவிட்டுத் தொலைந்த ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு, தொண்ணூற்றொன்பதைக் காப்பாற்ற ஒன்றை வெளியே தள்ளும் பள்ளியை என்ன பெயரிட்டு அழைப்பது?

ஆசிரியர் பயிற்சியில் தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷன் 1716-லேயே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியைத் தொடங்கியது. வேப்பேரியில் பெண்களுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் பயிற்சிக் கல்லூரி 1923-ல் வந்தது. ராயப்பேட்டை மெஸ்டன் 1937-ல். ஆனால் இவற்றைவிடச் சுவையான கதை எழும்பூரில் நடந்தது.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து குருவானவர் 1789-ல் எழும்பூர் ராணுவ அனாதை ஆண்கள் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். கீழிருந்த ஆசிரியர்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது, ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். திரும்பி வந்து, கடைசி வகுப்புக்கு இனி இப்படித்தான் என்றார். உதவி ஆசிரியர் முடியாது என்று மறுக்க, எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை அப்படித்தான் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பெல் 1797-ல் லண்டனில் எழுதி வெளியிட்ட முறை ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த ‘மெட்ராஸ் கல்லூரி’ ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் பள்ளிக்கூடமாக நடக்கிறது.

அந்த முறை பின்னாளில் அங்கே மலிவு விலைக் கல்வியாகிப் போனது வேறு விஷயம். இங்கே பார்க்க வேண்டியது, ஒரு குருவானவர் அக்கம்பக்கத்துத் திண்ணையிடம் பாடம் கேட்கத் தயங்கவில்லை என்பது.

தலைமைக்கு ஒரு பாடம் வேண்டுமென்றால் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சனைப் பார்க்கலாம். பின்னாளில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து 1937-ல் தாம்பரத்துக்கு, அதாவது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு, இடம் மாறிய பள்ளியை 1837-ல் தொடங்கியவர் அவர். அடுத்த ஆண்டே சோதனை வந்தது. வகுப்பில் தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் இருப்பது தெரிந்து, அவர்களை வெளியேற்றச் சொல்லி மற்ற பெற்றோர் நெருக்கினார்கள். ஆண்டர்சன் மறுத்துவிட்டார். பலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள், வகுப்புகள் காலியாயின. அவர் கையில் இருந்தது மத போதகருக்கான படிப்பு, பி.எட். இல்லை. யார் போனாலும் அந்தப் பையன்கள் போகக் கூடாது என்ற தெளிவு இருந்தது. இன்றைய கணக்கில் சொன்னால், பள்ளியின் ‘ரிசல்ட்’ அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று எடுத்த முடிவு அது.

அதே ஸ்காட்லாந்து மிஷன்தான் செங்கல்பட்டுக்கும் வந்தது. ஊர் மக்கள் ‘கொலம்பா ஸ்கூல்’ என்று சொல்லும் பள்ளியின் பெயரிலேயே ஸ்காட்லாந்தில் தொண்டு செய்த துறவி இருக்கிறார். மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-ல் செங்கல்பட்டுத் தாழ்த்தப்பட்டோரின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில அரசாணை வந்தது. அந்தக் காலத்தில் ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகள் சேரிகளில் பள்ளி நடத்தியதோடு நிலம் கேட்கும் மக்களுக்கும் துணை நின்றார்கள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து மெல்ரோசாபுரம் அப்படி உருவான குடியிருப்பு. மாணவனின் வீட்டையும் வயலையும் தெரிந்துகொள்ளாமல் அவனுக்குப் பாடம் நடத்த முடியாது என்பது அன்றைய உபதேசியாருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். சிறுபான்மையினர் தாங்கள் விரும்பியபடி கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30-வது பிரிவு தருகிறது. கேரளப் பள்ளி ஒன்றின் வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் தலைமையாசிரியரைச் சக்கரத்தின் குடத்துக்கு ஒப்பிட்டு, அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சிறுபான்மை நிர்வாகத்துக்கு உண்டு என்றது. ஆசிரியர் தகுதித் தேர்வு இந்தப் பள்ளிகளுக்குப் பொருந்துமா என்ற கேள்வியை 2025 செப்டம்பர் 1 தீர்ப்பு பெரிய அமர்வின் பரிசீலனைக்கு விட்டிருக்கிறது. உரிமையைக் காக்க வழக்கறிஞர் வைத்து வாதாடுவது சரி. அந்த உரிமையால் நாற்காலியில் உட்காருகிறவரைத் தயார் செய்ய யார் வாதாடுகிறார்கள்?

நேற்று வரை வேதியியல் எடுத்தவர், பணிமூப்பு வரிசை வந்ததும் தலைமையாசிரியர். இல்லாவிட்டால் துறவற சபையின் மாற்றல் உத்தரவோடு வந்து இறங்கும் சகோதரி. மறுநாள் காலை முதல் எமிஸ் இணையதளப் பதிவு, சம்பளப் பட்டியல், சத்துணவுக் கணக்கு, கல்வி அலுவலகக் கடிதம், தாளாளரின் தொலைபேசி. இதற்கெல்லாம் யாரும் பயிற்சி தருவதில்லை; அலுவலக உதவியாளர்தான் குரு. இரண்டாண்டு பி.எட். பாடத்திட்டம் வகுப்பறையோடு நின்றுவிடுகிறது. அதிலும் கற்பித்தல் பயிற்சி பல இடங்களில் ரெக்கார்டு நோட்டு எழுதுவதாகச் சுருங்கிவிட்டது.

ஆசிரியரைச் சிற்பி என்று மேடையில் புகழ்வது நம் பழக்கம். மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி நடக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் மேடைப் பேச்சாளர்கள் சொல்லாத ஒன்று புரியும்: உளியைப் பிடிக்கும் கோணத்தை நோட்டில் எழுதிக் கொடுக்க முடியாது. பக்கத்தில் நின்று பார்க்கிறவர், தப்பும்போது கையைப் பிடித்துத் திருத்துகிறவர் ஒருவர் வேண்டும். சிற்பிக்கு இன்னொரு வசதி, கல் எதிர்த்துப் பேசாது. ஒன்பதாம் வகுப்புப் பையன் பேசுவான்.

தலைமைப் பயிற்சியும் இந்த வழியில் நடக்க வேண்டும். பொறுப்பேற்கும் முன் ஓராண்டு, அனுபவமுள்ள தலைமையாசிரியர் ஒருவரின் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அதில் ஒரு மாதமாவது கடற்கரைக் குப்பங்களுக்குப் போகட்டும். கோவளத்தில் 1808-ல் ஜான் டிமான்டி கட்டிய கார்மேல் மாதா கோயிலைச் சுற்றி மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுக் கூலியை நம்பிய வீட்டில் காசு வற்றிக் கிடக்கும் அதே ஜூனில்தான் பள்ளி திறந்து கட்டணம், சீருடை, நோட்டு என்று கேட்கும். இது தெரிந்த தலைமையாசிரியர் தவணை தருவார். தெரியாதவர் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்.

இந்தப் பயிற்சியைக் கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கு மட்டும் என்று வேலி போடவும் கூடாது. இந்தப் பள்ளிகளில் படிக்கிறவர்களும் பாடம் நடத்துகிறவர்களும் எல்லா மதத்தவரும்தான். பெல் கற்றுக்கொண்டதும் யாரிடம் என்று பார்த்தோம்.

செங்கல்பட்டு மறைமாவட்டமும் சி.எஸ்.ஐ. சென்னைப் பேராயமும் கருத்தரங்குக்கு மண்டபம் பிடிக்கும் முன் ஒரு சிறு வேலை செய்யலாம். தம் பள்ளிகளில் கடந்த மூன்றாண்டுகளில் ஒன்பதாம் வகுப்போடு டி.சி. வாங்கிப் போன பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் தலைமையாசிரியர்களிடம் கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து, படிப்பை விட்டவர்களை வரும் ஜூனில் திரும்ப அழைக்க வேண்டும். எதிர்காலத் தலைமையாசிரியர்களுக்கு முதல் மாதப் பயிற்சியாக அந்த வீடுகளுக்கு நடந்து போகும் வேலையைக் கொடுக்கலாம்.