கொக்கிளாய் மணலும் மக்களின் காணியும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள கொக்கிளாயில் இல்மனைற் அகழ்வதற்கு மக்கள் காட்டிவரும் எதிர்ப்பை அபிவிருத்திக்கு எதிரான பிடிவாதமாகச் சித்திரிப்பது நியாயமாகாது. 1984 இல் விரட்டப்பட்டு, கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பிற ஊர்களில் அலைந்து, போர் முடிந்த பின்னரே ஊர் திரும்பியவர்கள் அவர்கள். காணியை மீண்டும் இழக்க நேருமோ என அவர்கள் அஞ்சுவதில் வியப்பென்ன? புதுக்குடியிருப்பிலிருந்து நோக்குவோருக்கு இது தொலைதூரத்துப் பிரச்சினையாகத் தோன்றலாம். ஆனால் மாவட்டம் ஒன்றே.

களப்புக்கு அப்பால், முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் புல்மோட்டையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரச நிறுவனம் கனிய மணலை அகழ்ந்து வருகின்றது. வர்ணப்பூச்சுக்கு வெண்மை தரும் தைத்தானியம் அம்மணலிலேயே உள்ளது. எனினும் அது பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றது. அவ்வூர் மக்கள் கண்ட பயன் என்னவென்று அவர்களிடமே கேட்கலாம். மன்னார் தீவிலும் அவுஸ்திரேலிய நிறுவனமொன்றின் கனிய மணல் திட்டத்தைத் தமிழரும் முஸ்லிம்களும் இணைந்தே எதிர்த்தனர்.

கரையோர மணல் வெறும் மணலன்று. கடலைத் தடுப்பதும் கிணற்று நீரை நன்னீராக வைத்திருப்பதும் அதுவே. கரைவலைப் பாடுகளும் அதன் மீதே உள்ளன.

அகழ்வுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி கொழும்பிலுள்ள பணியகத்திடமே உள்ளது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மீது கருத்துரைக்க மக்களுக்குள்ள அவகாசமோ 30 நாட்கள். அவ்வறிக்கை முழுமையாகத் தமிழில், கொக்கிளாய் மக்களின் கைகளுக்குக் கிடைக்க வேண்டும். அதற்கு முன்னர் ஓர் அடி மணலேனும் அகழப்படலாகாது என நாம் வலியுறுத்துகின்றோம்.