கேம்பர் வண்டி கட்டப் போறீங்களா? மொதல்ல அம்மாகிட்ட கேளுங்க

டிஸ்கி: வண்டிப் பைத்தியங்கள் யாரும் கோவிச்சுக்கப்படாது. நானும் உங்காளுதான். :-)

ரெண்டு வருசமா, ராத்திரி ஆணி புடுங்கி முடிச்சதும் நான் பண்ற ஒரே உருப்படியான(?) வேலை ஒரு எக்ஸெல் ஷீட்ட மெருகேத்துறதுதான். நாலு சக்கரமும் இழுக்குற பிக்கப் ஒண்ணு வாங்கணும். பின்னாடி தொட்டியில ஒரு குட்டி வீட்டையே ஏத்தணும். அம்மா, அப்பா, தங்கமணி, பாப்பா எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கிட்டு சின்னமனூர்ல இருந்து கிளம்பணும். ஒருநாள் மேகமலை. இன்னொரு நாள் போடிமெட்டு வழியா மூணாறு. அப்புறம் குமுளி ஏறி வாகமண்... (கேம்பர்னு பேர் வச்ச பொலிரோ ஒண்ணு நம்ம ஊர்ல வாழைத்தார் ஏத்திக்கிட்டு ஓடுது. அது வேற!)

மெக்கானிக்கல் படிச்சுப்புட்டு பெங்களூர்ல ஜாவா எழுதுற பாவத்துக்கு இப்படித்தான் பரிகாரம் தேட வேண்டியிருக்கு. ஷீட்ல மொத்தம் 64 வரிசை. டயர், சஸ்பென்ஷன், வின்ச், கூரை மேல கூடாரம், தண்ணிக்குள்ள முங்குனாலும் இஞ்சின் மூச்சு விட ஸ்நார்கெல் (முல்லையாத்துல எங்கடா முங்கப் போறேன்னு கேக்கப்படாது). 41-வது வரிசையில ஒரு சின்ன குறிப்பு: ‘டாய்லெட் - அப்புறம் பாக்கலாம்.’

இந்தப் பதிவு அந்த 41-வது வரிசையப் பத்தினதுதான்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். போன பொங்கல் லீவுக்கு வாடகைக் கார் பிடிச்சு குடும்பத்தோட மலைக்குப் போனோம். காலையில ஏறி சாயங்காலம் இறங்குற மாதிரி. இறங்கும்போது அம்மாவுக்குக் கண்ணு இருட்டிருச்சு. கொண்டைஊசி வளைவுல தலை சுத்துதுன்னு நெனச்சோம். அடிவாரம் வந்தும் நிக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனா, டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “ஏம்மா, இன்னைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?”

அம்மா பதில் சொல்லல. தங்கமணிதான் சொன்னா. முந்தின நாள் ராத்திரியில இருந்து ஒரு சொட்டு குடிக்கலையாம். சுகர் மாத்திரை போடுற உடம்பு. தண்ணி வத்திப்போய், யூரின் இன்ஃபெக்‌ஷன் வேற. ரெண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏறுச்சு.

“ஏம்மா இப்படிப் பண்ண?”ன்னு கத்திட்டேன்.

“வழியில எங்கய்யா போறது? நீங்க வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கிருவீங்க. நாங்க?”

தங்கமணி பக்கம் திரும்புனேன். “நானும் அப்படித்தான். ஸ்கூல் டூர்ல இருந்தே அப்படித்தான். உங்களுக்கு இப்பத்தான் தெரியுமாக்கும்?”

இருபத்தெட்டு வயசு. எம்பெடட் சிஸ்டம்ல எத்தனை வாட் கரண்ட் வீணாகுதுன்னு கணக்குப் போடத் தெரியும். அம்மா ஏன் எந்தப் பயணத்துலயும் தண்ணி பாட்டிலத் தொட்டதே இல்லன்னு கேக்கத் தோணல.

அன்னைக்கு ராத்திரி ஷீட்டத் திறந்தேன். மூணு விசயம் உறைச்சுச்சு.

முதலாவது, ‘ஆஃப்-ரோடு’. நம்ம பள்ளத்தாக்குல அது எங்க இருக்கு? போடிமெட்டுக்கு 17 கொண்டைஊசி வளைவு, மேகமலைக்கு 18. ரெண்டுக்கும் தார் ரோடுதான். தார் முடியிற இடத்துல ஒண்ணு எஸ்டேட், இல்லன்னா காடு. அந்தக் காடு 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாயிருச்சு. அங்க நம்ம டயர் தடம் பதிக்க யாரும் பட்டா எழுதிக் குடுக்கல. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போன 23 பேரப் பறிகொடுத்த மாவட்டம் இது. 2023 மே 27-ம் தேதி அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள்ளயே நடந்து வந்துச்சு. ஜூன் 5-ல மயக்க ஊசி போட்டு களக்காடு-முண்டந்துறைக்குக் கொண்டு போற வரைக்கும் ஊரே கதவடைச்சுக் கெடந்துச்சு. இந்த ஊர்லதான் நான் ராத்திரி காட்டோரமா நிறுத்தி கூரை மேல கேன்வாஸ் கூடாரத்துல பாப்பாவத் தூங்க வைக்கப் பிளான் போட்டிருந்தேன்!

மேடு பள்ளம் பாக்கணும்னா கொழுக்குமலைக்குப் போலாம். தேனி மாவட்டத்துல இருந்தாலும் கேரளாவுல சூரியநெல்லி போய், அங்க இருந்து லோக்கல் ஜீப்புலதான் போகணும். போடியில இருந்தும் கம்பத்துல இருந்தும் விடிகாலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போற ஜீப் டிரைவருங்களப் பாருங்க. நாம லட்சக்கணக்குல கொட்டி பழகப் போற வித்தைய அவங்க தினமும் பண்றாங்க. ஒரு நாள் கூலி குடுத்து அவங்க வண்டியில ஏறிட்டுப் போறதுதான் நமக்கும் மரியாதை, மலைக்கும் மரியாதை.

ரெண்டாவது, எடை. 80 லிட்டர் தண்ணின்னா 80 கிலோ. ஆளுங்க 300. வீட்டுப் பெட்டி 250. கூரைக் கூடாரம் 60. பேட்டரி, ஃப்ரிட்ஜ், அடுப்பு 60. மொத்தம் 750 கிலோ. நான் பாத்து வச்சிருந்த வண்டி தாங்குற அளவுக்கு மேல போயிருச்சு. அதுலயும் பாதி எடை கூரை பக்கமா ஏறி நிக்கிது. பாதி நிறைஞ்ச தொட்டியில தண்ணி அங்கிட்டும் இங்கிட்டும் அலையும். அத வச்சுக்கிட்டு 17 வளைவு இறங்கணும். மெக்கானிக்கல் முதல் வருசப் பாடம்தான். ஆசை வந்தா பாடம் மறந்துரும் போல.

மூணாவது, சட்டம். 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிருச்சு: கம்பெனி குடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாது. அதே வருசம் திருத்துன மோட்டார் வாகனச் சட்டத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூவா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். கேரவனுக்குன்னே ஏ.ஐ.எஸ் 124-ன்னு தரக்கட்டுப்பாடு இருக்கு. அதுபடி ஒப்புதல் வாங்குன வண்டிதான் நிம்மதி. பட்டறை அண்ணன் “பாத்துக்கலாம் தம்பி”ன்னு சொல்றத நம்பி பாடிய அறுத்தீங்கன்னா, விபத்துன்னு வரும்போது இன்சூரன்ஸ்காரன் நம்மளப் பாத்துக்குவான்.

“அப்ப எதுக்குடா வண்டி, லாட்ஜ்ல ரூம் போட வேண்டியதுதானே?”ன்னு நண்பன் கேட்டான். லாட்ஜ் ராத்திரிக்கு. அம்மாவோட பிரச்சினை காலை பத்து மணியில இருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும். அங்கதான் இந்த வண்டிக்கு வேலையே இருக்கு.

நம்ம ஊருக்கு இது ஒண்ணும் புதுசும் இல்ல. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு மாட்டு வண்டியில கூண்டு கட்டி, சட்டி பானையோட போன கதைய அப்பா சொல்லிச் சொல்லிப் பூரிப்பாரு. “அந்தக் காலத்து கேம்பர்டா”ன்னு நானும் சிலாகிச்சுக்கிட்டு இருந்தேன். அடுப்படியில இருந்து அம்மா குரல் மட்டும் வந்துச்சு: “அப்பவும் இருட்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் கெடந்தோம்.”

அப்பா அதுக்கப்புறம் பேசல.

இப்ப ஷீட் மாறிருச்சு. பிக்கப் இல்ல. டெம்போ டிராவலர் மாதிரி, உள்ள நிமிந்து நடக்குற உயரக் கூரை வேன். மூட்டு வலிக்கு ஏத்த மாதிரி தாழ்வான படி. உள்ள மூணடிக்கு மூணடி ஒரு அறை. சுமார் 20 லிட்டர் கழிவுத் தொட்டியோட கழட்டி எடுக்குற டாய்லெட். அதக் கொண்டு போய் நம்ம வீட்டுக் கழிவறையிலதான் கொட்டணும். ஓடையிலயோ ஆத்துலயோ கொட்டுனா அது நம்ம குடிக்கிற தண்ணி. ராத்திரிக்கு மலை மேல இல்ல, சித்தப்பாவோட திராட்சைத் தோட்டத்துல நிறுத்தம். வின்ச், ஸ்நார்கெல் எல்லாம் அழிச்சாச்சு. அழிக்கும்போது கொஞ்சம் வலிச்சுச்சுதான். :-(

என் கருத்து இதுதான் மக்கா: குடும்பத்துக்குன்னு வண்டி கட்டுறோம்னு சொல்லிக்கிட்டு நாமல்லாம் நமக்குத்தான் வண்டி கட்டுறோம். குடும்பத்துல யாருக்குப் பயணம் ரொம்பக் கஷ்டமோ, அவங்கள்ல இருந்துதான் வரைபடம் ஆரம்பிக்கணும்.

போன வாரம் படத்தப் பிரிண்ட் எடுத்து அம்மாகிட்ட காட்டுனேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. டயரப் பத்தியும் கேக்கல, மைலேஜப் பத்தியும் கேக்கல.

“ஏய்யா, இந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்குமா?”

ஷீட்ல முதல் வரிசை இப்ப அதுதான்.