பட்டைக்குப் பின்னே பதுங்கும் துரு

சக்கரத்துக்கு மேலே வளைவாகப் பொருத்தப்பட்டிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டையை, அது உரசும்வரை யாரும் கவனிப்பதில்லை. நெரிசலான தெருவில் முதல் அடி வாங்குவது அதுதான். டயர் வாரியடிக்கும் கல்லும் சேறும் பெயின்டைக் கெடுக்காமல் தடுப்பது அதன் வேலை. 2013-ல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் இதை அணிந்து வந்தது. இன்று சிறிய கார்கள்கூட இந்த முரட்டுத் தோற்றத்துக்கு ஆசைப்படுகின்றன.

ஆனால் காப்பாற்ற வந்ததே சில சமயம் கெடுத்துவிடுகிறது. பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே புகுந்த சேறு லேசில் காய்வதில்லை. கார் அதிரும்போது அந்த மண் உப்புத்தாள்போல பெயின்டைத் தேய்க்கிறது. மும்பை, சென்னை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. வெளியே பளபளப்பு, உள்ளே துரு. பழைய கார் வாங்குபவர்கள் ஏமாறும் இடங்களில் இதுவும் ஒன்று.

பட்டையைக் கழற்றப் பலம் வேண்டாம், பொறுமை போதும். காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினால் உள்விளிம்பில் உள்ள ஸ்க்ரூக்கள் தெரியும். பிறகு க்ளிப்புகள். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும். பிளாஸ்டிக் நெம்புகோலே நல்லது. சில க்ளிப்புகள் எப்படியும் உடையும். புதியவற்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். இருபக்க டேப்பால் ஒட்டப்பட்டிருந்தால், தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டினால் இளகும். டெல்லியின் ஜனவரிக் காலையில் இந்த வேலை ஆகாது. குளிரில் விறைத்த பிளாஸ்டிக் சட்டென்று உடைந்துவிடும்.

கழுவித் துடைத்த பிறகுதான் உண்மை தெரியும். துரு மேலோட்டமாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, எபாக்சி ப்ரைமர் அடித்து, பெயின்ட் பூசலாம். ஸ்க்ரூ டிரைவரால் குத்தும்போது ஓட்டை விழுந்தால், கெட்ட தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வதுதான் வழி. பட்டி பூசி மறைத்தால் துரு உள்ளே தொடர்ந்து வளரும். டிங்கரிங் பட்டறையில் இதைக் கறாராகச் சொல்லிவிடுவது நல்லது.

விரிசல் விட்ட பட்டையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதன் பின்புறத்தில் பிளாஸ்டிக்கின் வகையைக் குறிக்கும் எழுத்துகள் இருக்கும். ஏபிஎஸ் என்றால் எபாக்சி பசை பிடிக்கும். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன் என்றால், சாதாரணப் பசை நிற்காது. அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி, பின்பக்கமாகப் பற்றவைக்க வேண்டும். ஃபோர்டு தன் கார்களை இந்தியாவில் தயாரிப்பதை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தது. இப்படித் தயாரிப்பு நின்றுபோன கார்களை வைத்திருப்பவர்களுக்குப் பழைய பட்டை இன்னும் முக்கியம்.

மழைக்காலம் முடிந்ததும் வளைவின் உள்விளிம்பைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டால் பட்டறையில் பல நாள் வேலை.