மழை பெய்தால் வெற்றி யாருக்கு?

உலகக் கோப்பைக் கிரிக்கெட் நடக்கும் நாள்களில் உங்களிடையே எழும் ஒரு வாக்குவாதத்தை நானும் கேட்டிருக்கிறேன். மழை குறுக்கிட்டு, வெற்றி இலக்கு மாற்றப்பட்டு, நமக்குப் பிடித்த அணி தோற்றுவிட்டால் போதும். "யாருக்கும் புரியாத டக்வொர்த் - லூயிஸ் கணக்கைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள், ஓவருக்கு எத்தனை ஓட்டம் என்று சராசரி பார்த்தால் முடிந்துவிடாதா?" என்பீர்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. எளிதில் புரிகிறது என்பதாலேயே ஒரு விதி நேர்மையானதாகிவிடாது. காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டே பார்ப்போம்.

முதலில் சராசரி முறை. 1992-க்கு முன் பல ஆண்டுகள் இதுவே வழக்கில் இருந்தது. முதல் அணி 50 ஓவரில் 250 ஓட்டம் எடுக்கிறது, ஓவருக்கு 5. இடைவேளையில் பெய்த மழையால் இரண்டாம் அணிக்கு 25 ஓவர்தான் கிடைக்கிறது என்றால் இலக்கு 126. பார்ப்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஓவர்கள் பாதியாகிவிட்டன, விக்கெட்டுகளோ பத்தும் அப்படியே உள்ளன. விடுதி மாணவன் ஒருவனிடம் 1000 ரூபாய் கொடுத்து, பத்து நாள் செலவுக்கு வைத்துக்கொள் என்றால் நாளுக்கு 100 ரூபாய்தான் செலவழிப்பான். அதே தொகை ஐந்து நாளுக்கு என்றால் நாளுக்கு 200 ரூபாய் தாராளமாகச் செலவழிப்பான் அல்லவா? பத்து விக்கெட்டும் அத்தகைய பணப்பைதான். ஆகவே சராசரி முறை இரண்டாவதாக ஆடும் அணிக்குச் சலுகை காட்டுகிறது.

இந்தக் குறையைப் போக்க ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த 1992 உலகக் கோப்பையில் வேறொரு விதி வந்தது. எத்தனை ஓவர் குறைகிறதோ, முதல் அணி மிகக் குறைவாக ஓட்டம் எடுத்த அத்தனை ஓவர்களின் ஓட்டங்களை மட்டும் இலக்கிலிருந்து கழிப்பது. இதுவும் எளிய விதிதான். என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

அடிலெய்டில் பாகிஸ்தான் 74 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. மழைக்குப் பின் இங்கிலாந்துக்கு 16 ஓவரில் 64 ஓட்டம் என்று இலக்கு வைத்தார்கள். பழைய சராசரி முறைப்படி 24 ஓட்டமே போதும்! ஒரே மேசையின் நீளத்தை ஓர் அளவுகோல் 24 என்றும் மற்றோர் அளவுகோல் 64 என்றும் காட்டினால், ஆய்வகத்தில் நாம் என்ன செய்வோம்? இரண்டையுமே ஐயுறுவோம். அந்த ஆட்டம் முடிவின்றிக் கைவிடப்பட்டது. அதில் கிடைத்த ஒரு புள்ளியின் துணையால்தான் பாகிஸ்தான் ஆஸ்திரேலியாவை ஒரு புள்ளியில் முந்தி அரையிறுதிக்குச் சென்றது, கோப்பையையும் வென்றது. அதே நாளில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடிய இந்தியாவுக்கு 3 ஓவர்கள் குறைந்தன. இலக்கில் குறைந்ததோ 2 ஓட்டங்கள்தாம். இந்தியா ஓர் ஓட்டத்தில் தோற்றது.

எல்லாவற்றையும் விஞ்சியது சிட்னியில் 1992 மார்ச் 22-இல் நடந்த அரையிறுதி. இங்கிலாந்து 45 ஓவரில் 252 ஓட்டம் எடுத்திருந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவை என்றிருந்தபோது மழை வந்தது. மழை நின்றபின் இரண்டு ஓவர்களைக் குறைத்தார்கள். இங்கிலாந்தின் மிக மந்தமான இரண்டு ஓவர்களில் மொத்தம் ஓர் ஓட்டமே கிடைத்திருந்ததால், இலக்கும் ஓர் ஓட்டமே குறைந்தது. விளைவு, ஒரே பந்தில் 21 ஓட்டங்கள்! அந்த இரண்டு ஓவர்களும் மந்தமானது தென்னாப்பிரிக்கா நன்றாகப் பந்து வீசியதால். அந்தத் திறமையே அதற்குத் தண்டனையாக முடிந்தது.

இங்கேதான் அறிவியல் துணைக்கு வருகிறது. பிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்னும் இரு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். ஓட்டம் எடுக்க ஓர் அணியின் கையில் இருக்கும் வளம் எது? மீதமுள்ள ஓவர்கள் ஒன்று. மீதமுள்ள விக்கெட்டுகள் மற்றொன்று. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். பழைய ஆட்டங்களின் விவரங்களை ஆராய்ந்து, இத்தனை ஓவரும் இத்தனை விக்கெட்டும் மீதமிருந்தால் மொத்த வளத்தில் இத்தனை விழுக்காடு என்று அட்டவணை அமைத்தார்கள்.

அவர்கள் பயன்படுத்திய வளைகோடு மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பழக்கமானதே. மின்தேக்கி ஒன்று மின்னேற்றம் பெறும்போது மின்னூட்டம் முதலில் விரைவாக உயர்ந்து, போகப்போக மெதுவாகி, ஓர் உச்ச அளவை நெருங்குகிறது அல்லவா? மீதமுள்ள ஓவர்கள் கூடக்கூட, எடுக்கக்கூடிய ஓட்டங்களும் அவ்வாறே உயர்கின்றன. விக்கெட்டுகள் குறையக் குறைய அந்த உச்சம் தாழ்கிறது. பத்து விக்கெட்டும் கையிலிருக்க 25 ஓவர் மீதமிருந்தால் வளம் 50 விழுக்காடு அன்று. பழைய அட்டவணைப்படி சுமார் 66.5. ஆகவே நம் முதல் எடுத்துக்காட்டில் இலக்கு 126 அன்று, 167. சிட்னி ஆட்டத்தை இம்முறையில் பின்னர் கணக்கிட்டபோது, கடைசிப் பந்தில் வெற்றிக்கு 5 ஓட்டங்கள் என்று விடை வந்தது. 21-க்கும் 5-க்கும் உள்ள வேறுபாடு ஓர் அணியின் நான்காண்டு உழைப்பு!

1997-இல் நடைமுறைக்கு வந்த இந்த முறை குறையே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. ஆட்டமிழந்தவர் தலைசிறந்த மட்டையாளரா, கடைசியில் வருபவரா என்று அது பார்ப்பதில்லை. எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது. ஓட்டம் குவிக்கும் வேகம் மாறினால் அட்டவணையும் மாற வேண்டும். அதனால்தான் ஸ்டீவன் ஸ்டெர்ன் அதைத் திருத்தியமைத்தார். 2015 உலகக் கோப்பை முதல் அவர் பெயரும் சேர்ந்து வழங்குகிறது. கேரளத்துப் பொறியாளர் வி. ஜெயதேவன் மாற்று முறை ஒன்றையே உருவாக்கினார். ஒரு விதி பிடிக்கவில்லை என்றால் செய்ய வேண்டியது இதுதான். "ஏமாற்று" என்று கூவுவது எளிது; மேலான விதியைக் கணக்கிட்டுக் காட்டுவதே அறிவியல்.

"எல்லாம் சரி, ஆடுபவனுக்கே புரியாத விதி எதற்கு?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 2003 உலகக் கோப்பையில் டர்பனில் தென்னாப்பிரிக்கா இலங்கையை எதிர்த்து ஆடியது. மழை நெருங்கிய வேளையில், 45-ஆவது ஓவரின் ஐந்தாம் பந்தில் முரளிதரனை சிக்ஸருக்கு அடித்து, அணியின் எண்ணிக்கையை 229 ஆக்கினார் பவுச்சர். அட்டவணைப்படி அதுவே போதும் என்று எண்ணி அடுத்த பந்தில் ஓட்டம் எடுக்காமல் விட்டார். ஆனால் 229 என்பது சமநிலைக்கான எண். வெற்றிக்கு 230 வேண்டும். மழை கொட்டியது; ஆட்டம் சமனில் முடிந்தது; போட்டியை நடத்திய நாடே வெளியேறியது. இங்கே அட்டவணை தவறவில்லை. அதைப் படித்தவர்கள் தவறினார்கள். இதிலிருந்து நான் அறிவது, அட்டவணையை எறிந்துவிடக் கூடாது, படிக்கக் கற்க வேண்டும் என்பதே.

இது கிரிக்கெட்டோடு நின்றுவிடும் செய்தியன்று. பல வேளைகளில், வெவ்வேறு வினாத்தாள்களுடன் நடக்கும் நுழைவுத்தேர்வுகளில் மதிப்பெண்களைச் சமன்செய்கிறார்கள். நாளை உங்கள் இடத்தை முடிவு செய்வதும் இப்படியொரு கணக்காக இருக்கலாம். அப்போது "எனக்குச் சாதகமா?" என்று மட்டும் பார்க்காதீர்கள். எவற்றை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது, ஓரத்து நிலைகளில் என்ன விடை தருகிறது என்று கேளுங்கள்.

1992 விதியை வகுத்தவர்கள் "கடைசி இரண்டு ஓவரில் மழை வந்தால்?" என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்திருந்தால், அந்த 21 ஓட்டங்கள் ஆட்டத்தில் நேருமுன் தாளிலேயே தெரிந்திருக்கும். அடுத்த மழை ஆட்டத்தின்போது நீங்கள் போட்டுப் பாருங்கள். யார் வென்றார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளும் முன்பே போட்டுப் பாருங்கள், அதுதான் முக்கியம்.