நிலமும் பொழுதும் இல்லாத கதைகள்

இடமும் நாளும் குறிக்கப்படாத விண்ணப்பம் வந்தால் அதனைத் திருப்பி அனுப்பிவிடுவது எங்கள் அலுவலக வழக்கம். எழுத்தனாகிய எனக்கு இது அன்றாட வேலை. நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்ததும் ஏறக்குறைய இதே விதிதான். அவ்விதியைக் கையிலெடுத்தால், நம் இதழ்களில் வரும் மலைநாட்டுக் கதைகளுள் பலவற்றைத் திருப்பி அனுப்ப நேரும்.

அக்கதைகளில் பள்ளிவாசலும் மூணாறும் எவ்வாறு வருகின்றன? பச்சைக் கம்பளம், பஞ்சுப் பொதி போன்ற பனி, தொலைவில் ஓர் அருவி. இரண்டு நாள் விடுதியில் தங்கியவர் சன்னல் வழியே கண்டவை இவை. அண்மையில் நான் படித்த கதையொன்றில் காதலர் இருவர் ஆண்டுதோறும் நீலக்குறிஞ்சி பூக்கும் நாளில் சந்திக்கின்றனர்! குறிஞ்சி இங்கு 2006இல் பூத்தது. அடுத்து 2018இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும் காதலர் என்றால் அது வேறு கதை. அதை எழுதியிருந்தால் வரவேற்றிருப்பேன். நீலகிரிப் படகர் வாழ்வைக் ‘குறிஞ்சித்தேன்’ நாவலாக்கிய ராஜம் கிருஷ்ணன் இந்தக் கணக்கை அறிந்தவர்.

“மனித உணர்ச்சி எங்கும் ஒன்றே, இடம் வெறும் திரைச்சீலை” என்று வாதிடுவோர் உண்டு. இதனை நான் முற்றாக மறுக்கிறேன். தோட்டத் தொழிலாளி குடியிருக்கும் லயம் அவனுடையது அன்று. அவன் வேலைக்கு உரியது. ஓய்வு பெற்றால் அதைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளுள் ஒருவர் தோட்ட வேலையில் சேர்ந்தால்தான் குடும்பம் அங்கே தொடர்ந்து வாழ முடியும். ஆகவே, கோவைக்கோ திருப்பூருக்கோ வேலை தேடிச் செல்ல விரும்பும் மகனின் கதை, சமவெளியில் எழுதப்படும் அதே கதை அன்று. அவன் பெட்டியைத் தூக்கும்போது பெற்றோரின் கூரையும் ஆட்டம் காண்கிறது. தாய்ப்பாசம் எங்கும் ஒன்றாக இருக்கலாம். “போய் வா மகனே” என்று சொல்ல ஒரு தாய் கொடுக்க வேண்டிய விலை எங்கும் ஒன்றன்று.

துயரமும் அப்படியே. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் மாண்டனர். உற்றார் உறவினர் அடுத்தடுத்த லய அறைகளில் வாழ்ந்தமையால் குடும்பம் குடும்பமாகப் புதையுண்டனர். அவர்கள் ஏன் அவ்வளவு நெருங்கி வாழ்ந்தனர் என்று சொல்லாமல் அந்த இரவை எப்படி எழுதுவது?

கருப்பொருளில் தெய்வத்தோடும் மரத்தோடும் தொழிலையும் சேர்த்தே எண்ணினர் நம் முன்னோர். நம் கதைகளிலோ கொழுந்தெடுக்கும் பெண் புன்னகை செய்கிறாள்; அவள் கூடையின் எடை மட்டும் வருவதில்லை. குறித்த எடைக்கு மேல் எடுத்தால்தான் கூடுதல் காசு என்பதை அறியாதவர் அவள் விரல்களை எப்படி வருணிப்பார்? 2015 செப்டம்பரில் போனசுக்காகவும் கூலிக்காகவும் மூணாற்றுச் சாலையில் அமர்ந்த பெண்களை அவர் எந்தக் கதையில் வைப்பார்?

காலமும் இங்கு வேறு. 1924இல் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதையை அழித்த வெள்ளத்தைக் கேரளத்து முதியோர் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்பர். அது கொல்லம் 1099. பாட்டி சொல்லும் கதையில் ‘1924’ என்று எழுதினால் பாட்டி மறைந்து ஆசிரியர் தெரிவார்.

அந்தக் குறிஞ்சிக் கதையை எழுதிய அன்பருக்கு இதழ் வழியாக ஓர் அஞ்சலட்டை அனுப்பினேன். அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது என்று மட்டும் குறித்திருந்தேன். மறுமொழி இதுவரை இல்லை.